பெர்லினின் முதல் வாரமும் ‘ஒழுக்கம்’ என்னும் விடையும்

ஓராண்டு உதவித்தொகையிலோ மூன்று மாதக் கல்விப் பயணத்திலோ பெர்லினுக்குச் செல்லும் இந்திய ஆய்வாளர்கள் முதல் வாரத்தில் எழுதும் குறிப்புகளுக்கு ஏறத்தாழ ஒரே பொருளடக்கம் உண்டு. சுரங்க ரயில் நிலைய வாயிலில் தடுப்புக் கதவு இல்லை. பயணச்சீட்டைக் கேட்டு எவரும் நிற்பதில்லை. வண்டியே வராத இரவுச் சாலையிலும் சிவப்பு விளக்கைக் கண்டு நடந்து செல்பவர் நின்றுவிடுகிறார். காலி பாட்டிலைத் தொட்டிக்குள் எறியாமல் அதன் அருகே நிறுத்திவைத்துவிட்டுப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்துக் கிடக்கின்றன; தெரு அடங்கிக் கிடக்கிறது. இவை நான்கும் உண்மை. ஆனால் இவற்றின் அடியில் வழக்கமாக ஒரு தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது: ‘அவர்களிடம் ஒழுக்கம் இருக்கிறது, நம்மிடம் இல்லை.’

கண்டது சரி, கூறும் காரணம்தான் சரியில்லை. சமூக அறிவியல் பயின்ற ஒருவர் தம் கள ஆய்வில் இப்படி எழுதமாட்டார். ‘இக்கிராமத்தார் சோம்பேறிகள், ஆகவே விளைச்சல் குறைவு’ என்று ஆய்வேட்டில் ஒரு வரி இருந்தால் நெறியாளர் அதை அடித்துவிட்டு, பாசனம் எப்படி, நிலம் யாரிடம், கடன் எவ்வளவு, கூலி என்ன என்று கேட்பார். கிராமத்தைப் பற்றி இத்தனை கேள்விகளைக் கேட்கப் பழகிய அதே ஆய்வாளர் விமானம் ஏறி இறங்கியதும் அவற்றை மறந்துவிடுகிறார். பழகிய ஊரில் காரணங்களைத் தேடும் அறிவு, அயலூரில் குணங்களைக் கண்டு நிறைவடைந்துவிடுகிறது. இது பயணக் குறிப்பின் சிறு குறையாக நின்றுவிட்டால் பேச வேண்டியதில்லை. அந்தத் தீர்ப்பு பயணப் பெட்டியோடு ஊர் திரும்புகிறது. இங்கே சில வேலைகளையும் செய்கிறது. அதனால்தான் அந்த நான்கு காட்சிகளையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் தடுப்புக் கதவு. பெர்லினில் சுரங்க ரயிலுக்கு ‘ஊபான்’ என்று பெயர். நகர ரயிலுக்கு ‘எஸ்பான்’. இரண்டின் நிலையங்களுக்குள்ளும் எவரும் தடையின்றி நுழையலாம். காகிதச் சீட்டு வாங்கியவர் நடைமேடையில் நிற்கும் சிறு இயந்திரத்தில் அதைச் செலுத்தி நேரமுத்திரை பதித்துக்கொள்ள வேண்டும். முத்திரை இல்லாத சீட்டு செல்லாது. சாதாரண உடையில் பெட்டிக்குள் ஏறும் பரிசோதகர்கள் கதவு மூடியபின் அடையாள அட்டையைக் காட்டிச் சீட்டைக் கேட்பார்கள். இல்லாதவர் 60 யூரோ கட்ட வேண்டும். கட்டாதவர், மீண்டும் மீண்டும் பிடிபடுபவர் மீது குற்றவியல் வழக்கு வரலாம். ஜெர்மானியக் குற்றவியல் சட்டத்தின் 265அ பிரிவின்படி, சீட்டின்றிப் பயணம் செய்வது ஓராண்டு வரை சிறை விதிக்கத்தக்க குற்றம். அப்பிரிவு 1935இல், நாஜி ஆட்சியில் சேர்க்கப்பட்டது. இன்றும் நடைமுறையில் இருக்கிறது. நீதிமன்றம் விதித்த அபராதத்தைக் கட்ட வசதியற்றவர்கள் அதற்கு ஈடாகச் சிறையில் நாட்களைக் கழிக்கிறார்கள். வீடற்றவர்களும் போதைப் பழக்கத்துக்கு ஆளானவர்களும் அவர்களில் நிறைய உண்டு. இந்த ஈட்டுச் சிறையின் கால அளவு 2024 பிப்ரவரியில் பாதியாகக் குறைக்கப்பட்டது. பிரிவையே நீக்க வேண்டும் என்ற வாதமும் அங்கு நெடுங்காலமாக நடந்துவருகிறது. வாயிலில் கதவு இல்லாததன் மறுபக்கத்தில் ஒரு சிறைக் கதவு இருக்கிறது. முதல் வாரத்தில் அது கண்ணில் படாது.

இன்னொன்றும் உண்டு. தடுப்புக் கதவு இல்லாத ரயில் இந்தியருக்குப் புதிதே அன்று. மும்பையின் புறநகர் ரயிலில் நாள்தோறும் பல லட்சம் பேர் அப்படித்தான் ஏறி இறங்குகிறார்கள். சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலிலும் அதே ஏற்பாடுதான்: சீட்டு வாங்கிக்கொள், பரிசோதகர் கேட்டால் காட்டு, இல்லையென்றால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் தண்டம் கட்டு. இந்தத் தண்டத்துக்கு 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தில் இடம் இருக்கிறது. பெர்லினில் பார்க்கும்போது ‘குடிமக்கள் மீது அரசு வைத்த நம்பிக்கை’ என்று தோன்றும் அதே முறை, தாதரிலும் கிண்டியிலும் கண்ணில் படுவதே இல்லை. பட்டாலும் ‘கட்டுப்பாடு இல்லை’ என்றே பெயர் பெறுகிறது.

அடுத்தது பாட்டில். ஜெர்மனியில் ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் தகரக் குவளைக்கும் விலையோடு 25 சென்ட் வைப்புத்தொகை சேர்த்து வாங்கப்படுகிறது. மறுபடி நிரப்பப்படும் பியர் பாட்டிலுக்குப் பெரும்பாலும் 8 சென்ட். பேரங்காடியில் சுவரில் பதித்த இயந்திரத்தின் வாயில் பாட்டிலைக் கொடுத்தால் அது சீட்டை நீட்டும். அதைக் காசாளரிடம் காட்டிப் பணம் பெறலாம். இது ஜெர்மானியரின் இயல்பான சூழல் பற்றிலிருந்து தானாக முளைத்ததன்று. 1991ஆம் ஆண்டின் பொதியல் ஆணை ஒரு நிபந்தனையை விதித்தது: பானங்களில் மறுநிரப்பு பாட்டில்களின் பங்கு 72 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால், ஒருமுறைப் பாட்டில்களுக்கு வைப்புத்தொகை கட்டாயமாகும். பங்கு இறங்கியது. பான உற்பத்தியாளர்களும் சில்லறை வணிக நிறுவனங்களும் நீதிமன்றப் படியேறிப் பார்த்தனர். தடுக்க முடியவில்லை, 2003 ஜனவரி 1 முதல் வைப்புத்தொகை நடைமுறைக்கு வந்தது. சட்டம் எழுதப்பட்டு அது இயந்திரமாகிக் கடைச் சுவரில் அமர்வதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. இன்று அங்கே பிறந்து வளர்ந்த இருபது வயது இளைஞருக்கு அது வழக்கம். அயலவருக்கு அது குணம்.

அப்படியானால் தொட்டியருகே நிற்கும் பாட்டில்? அதில் பரிவும் இருக்கிறது, வறுமையும் இருக்கிறது. 25 சென்ட்டுக்காகத் தொட்டிக்குள் கைவிட்டுத் துழாவுபவர்கள் பெர்லினில் உண்டு. ஓய்வூதியம் போதாத முதியவர்கள் தள்ளுவண்டியோடு பூங்காக்களிலும் விளையாட்டரங்க வாயில்களிலும் காத்திருப்பதைக் காணலாம். அவர்கள் கை அழுக்காகாமல் எடுத்துக்கொள்ளட்டும் என்பதற்காகத்தான் பாட்டில் வெளியே நிறுத்தப்படுகிறது. ‘தூய்மை உணர்வு’ என்று குறிப்பேட்டில் பதிவான காட்சி, பணக்கார நாடொன்றில் முதியோரின் வருவாய் எப்படி இருக்கிறது என்பதற்கும் சான்று.

ஞாயிற்றுக்கிழமையின் அமைதிக்கும் ஒரு வரலாறு உண்டு. ஞாயிறும் அரசு ஏற்ற விடுமுறைகளும் உழைப்பிலிருந்து ஓய்வு பெறும் நாட்களாகச் சட்டப் பாதுகாப்புப் பெறும் என்று 1919ஆம் ஆண்டின் வைமார் அரசமைப்பின் 139ஆம் உறுப்பு சொன்னது. 1949இல் இயற்றப்பட்ட இன்றைய அரசமைப்பு, தன் 140ஆம் உறுப்பின் வழியாக அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. கடை திறக்கும் நேரங்களை முடிவுசெய்யும் அதிகாரம் 2006இல் மாநிலங்களுக்குப் போனபோது பெர்லின் மிகத் தாராளமாகச் சட்டம் இயற்றியது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் கடை திறக்கலாம் என்றது. தேவாலயங்கள் வழக்குத் தொடுத்தன. தொழிற்சங்கங்களும் ஞாயிற்றுப் பாதுகாப்பின் பக்கமே நின்றன. 2009 டிசம்பர் 1 அன்று கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. வழிபாட்டுக்கான நாளைக் காக்க வந்தவர்களும் விற்பனைப் பணியாளரின் ஓய்வைக் காக்க வந்தவர்களும் ஒரே பக்கத்தில் நின்று பெற்ற அமைதி அது. அதுவும் முழுமையானதன்று. ‘ஷ்பேட்டி’ எனப்படும் தெருமுனைப் பெட்டிக்கடைகளில் பல, சட்டம் இடம் தராதபோதும் ஞாயிறன்று திறந்தே இருக்கின்றன. அக்கம்பக்கத்தார் அங்கே பியர் வாங்கி வாசல் பலகையில் அமர்ந்து குடிக்கிறார்கள். அவற்றுள் பலவற்றை நடத்துபவர்கள் துருக்கி, அரபுப் பின்னணி கொண்ட குடும்பத்தினர். சிவப்பு விளக்குக்கு நிற்கும் அதே மக்கள்தான் இந்த விதி மீறலால் பயன் பெறுகிறார்கள்.

ஓசை விதிகளும் அப்படித்தான். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அடுத்தவர் உறக்கத்தைக் கெடுக்கும் சத்தம் கூடாது என்பது பெர்லினின் சட்டம். அந்தச் சட்டத்தை முன்வைத்து மழலையர் பள்ளிகளின் மீதும் விளையாட்டுத் திடல்களின் மீதும் புகார்கள் குவிந்தன. குழந்தைகளின் சத்தம் இயல்பானது, பொறுத்துக்கொள்ள வேண்டியது என்று 2010இல் பெர்லின் தன் சட்டத்தில் தனியே எழுத வேண்டியிருந்தது. மறு ஆண்டில் கூட்டாட்சிச் சட்டமும் அதை ஒட்டித் திருத்தப்பட்டது. ஒரு நகரம் குழந்தைகள் கூச்சலிடலாம் என்று சட்டம் போடும் நிலைக்கு வருகிறதென்றால், அதன் அமைதிக்குள் எவ்வளவு பூசல் இருந்திருக்க வேண்டும்!

தூய்மையைப் பற்றிப் பேசும்போது மற்றொரு வேடிக்கை உண்டு. மியூனிக்கிலிருந்து வரும் ஜெர்மானியருக்கு பெர்லின் அழுக்கான, கட்டுக்கடங்காத நகரம். நடைபாதையில் கைவிடப்பட்ட மெத்தைகளையும் சுவர்க் கிறுக்கல்களையும் புத்தாண்டு இரவில் தெருவெங்கும் சிதறும் பட்டாசுக் குப்பையையும் காட்டி அவர் முகம் சுளிப்பார். தில்லியிலிருந்து வந்தவர் தூய்மையைக் கண்ட அதே தெருவில் அவர் அழுக்கைக் காண்கிறார். இருவரும் ஒரே மக்களைத்தான் பார்க்கிறார்கள். முதல் பார்வை காண்பது நகரத்தையன்று. நகரத்துக்கும் தான் புறப்பட்டு வந்த ஊருக்கும் இடையிலான வேறுபாட்டையே.

அந்தத் தெருவைத் துலக்குவோர் செம்மஞ்சள் உடையணிந்த தூய்மைப் பணியாளர்கள். அவர்கள் பெர்லின் மாநிலத்துக்குச் சொந்தமான பொது நிறுவனத்தின் ஊழியர்கள். தொழிற்சங்கம் பேசி முடித்த ஒப்பந்தப்படி ஊதியமும் விடுப்பும் பெறுபவர்கள். செலவின் பெரும்பகுதி தெருவை ஒட்டிய சொத்துகளின் உரிமையாளர்கள் கட்டும் கட்டணத்திலிருந்து வருகிறது. அது வாடகையோடு சேர்ந்து குடியிருப்போர் தலையிலும் விழுகிறது. ஆகவே தூய்மையின் முதல் காரணம் குப்பை போடாத கை அன்று. குப்பை எடுக்கும் கைக்கு முறையாகக் கொடுக்கப்படும் கூலி. இந்த ஒரு வரியை எழுதிவிட்டால், இந்திய நகரங்களில் அந்தக் கை யாருடையது, எந்தச் சாதியைச் சேர்ந்தது, எந்த ஒப்பந்தக்காரரிடம் என்ன கூலிக்கு வேலை செய்கிறது என்ற கேள்வி உடனே எழும். ‘ஒழுக்கம்’ என்று எழுதிவிட்டால் அது எழாது.

சிவப்பு விளக்கையும் மறக்க வேண்டியதில்லை. விளக்கை மதியாமல் கடப்பவருக்கு அபராதம் வெறும் 5 யூரோ. அச்சம் ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. பலர் கடக்கவும் செய்கிறார்கள். பக்கத்தில் ஒரு குழந்தை நின்றால் மட்டும் கடக்கத் தயங்குவார்கள். அந்த விளக்கில் தெரியும் தொப்பியணிந்த சிறு மனிதனை 1961இல் கிழக்கு பெர்லினின் போக்குவரத்து உளவியலாளர் கார்ல் பெக்லாவ் வடிவமைத்தார். வெறும் நிறத்தைவிட உருவத்தைக் குழந்தைகளும் முதியோரும் எளிதில் புரிந்துகொள்வார்கள் என்பது அவர் எண்ணம். இரு ஜெர்மனிகளும் இணைந்தபின் அந்த உருவத்தை அகற்றத் தொடங்கினர். மக்கள் எதிர்த்ததால் அது தப்பியது, பிறகு மேற்குப் பகுதிக்கும் பரவியது. இன்று அது நினைவுப் பொருள் கடைகளில் விற்கப்படுகிறது. நிற்கும் பழக்கத்துக்குப் பின்னாலும் ஒரு வடிவமைப்பு, ஒரு கல்விமுறை, ஒரு நகர அரசியல் இருக்கின்றன.

அந்த நகரத்தின் தரையில் எதைத் தொட்டாலும் இப்படி ஒரு பூசலின் தடம் தெரியும். டிராம் வண்டி பெரும்பாலும் கிழக்குப் பகுதியில் ஓடுவது ஏன் என்று கேட்டால், மேற்கு பெர்லின் 1967இல் தன் கடைசி டிராமை நிறுத்தியது, கிழக்கு நிறுத்தவில்லை என்ற விடை கிடைக்கும். இணைப்புக்குப் பின் 1995இல்தான் தண்டவாளம் மறுபடி மேற்கே நுழைந்தது. பட்டம் விடுவோரும் மிதிவண்டி ஓட்டுவோரும் நிறைந்த டெம்பெல்ஹோஃப் திடலைக் கண்டு ‘நகர நடுவே இவ்வளவு வெட்டவெளியா’ என்று வியப்பவருக்கு, 300 எக்டேருக்கும் மேற்பட்ட அந்த நிலம் 2008 வரை விமான நிலையம் என்பதும், விளிம்புகளில் வீடுகள் கட்ட நகர அரசு முனைந்தபோது 2014 மே 25 அன்று மக்கள் வாக்கெடுப்பு அதைத் தடுத்தது என்பதும் தெரிந்தால் வியப்பு வேறு திசையில் போகும். வீட்டு வாசல்களில் பதித்த பத்து சென்டிமீட்டர் பித்தளைக் கற்கள் உண்டு. ‘இங்கே வாழ்ந்தார்’ என்று தொடங்கி, நாஜிகளால் கொண்டுசெல்லப்பட்டவரின் பெயரையும் பிறந்த ஆண்டையும் முடிவையும் அவை சொல்கின்றன. ‘ஜெர்மானியர் தம் குற்றத்தை மறப்பதில்லை’ என்று முதல் வாரக் குறிப்பு எழுதும். கலைஞர் குண்டர் டெம்னிக் 1996இல் பெர்லினின் குரோய்ட்ஸ்பெர்க் பகுதியில் அக்கற்களை முதலில் பதித்தபோது அவற்றுக்கு அனுமதி இல்லை. மியூனிக் நகரம் இன்றும் தன் பொதுத் தெருக்களில் அவற்றை விடுவதில்லை. நினைவும் தேசிய குணமன்று. சிலர் மண்டியிட்டுத் தரையைத் தோண்டிப் பதித்தது.

முதல் வாரம் காணாதவையும் உண்டு. விருந்தினர் விடுதியில் தங்கும் ஆய்வாளருக்கு வீடு தேடும் வேலை இல்லை. ஒரே அறைக்கு நூறு பேர் வரிசையில் நிற்பதும், முகவரியைப் பதிவுசெய்யச் சட்டம் இரண்டு வாரம் தந்திருக்க அலுவலகத்தின் சந்திப்பு நேரம் அதற்குள் கிடைக்காமல் போவதும், பதிவுச் சான்று இன்றி வங்கிக் கணக்கும் வரி எண்ணும் தள்ளிப்போவதும் அவருக்கு நேர்வதில்லை. பெரும் வீட்டு நிறுவனங்களின் குடியிருப்புகளைப் பொதுவுடைமையாக்க வேண்டும் என்று 2021 செப்டம்பர் 26 அன்று பெர்லின் வாக்காளர்களில் 59 விழுக்காட்டினர் வாக்களித்ததை அறிந்தால், அமைதியான அந்த மாடிக் குடியிருப்புகளுக்குள் எவ்வளவு கொதிப்பு இருக்கிறது என்பது புரியும். உணவுப் பொதியைச் சுமந்து மிதிவண்டியில் விரைவோரில் இந்திய மாணவர்கள் மிகுதி. கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் சேர்ந்து, அறை வாடகைக்காக இரவில் மிதிப்பவர்கள் அவர்கள். அதே நகரத்தின் முதல் வாரக் குறிப்பை அவர்கள் எழுதினால் அதில் ஒழுக்கம் முதல் சொல்லாக இருக்குமா என்பது ஐயமே.

இங்கே ஒரு மறுப்பு எழும். ‘எல்லாம் சட்டமும் பணமும்தானா? பண்பாடு என்று ஒன்று இல்லையா?’ உண்டு. பழக்கம் மெய்யானது; ஏற்பாடு பழுதடைந்த பிறகும் சில காலம் அது நிற்கும். ஆனால் பழக்கம் வானத்திலிருந்து இறங்குவதில்லை. இதற்குச் சான்று தேடி பெர்லின் வரை போக வேண்டாம். 2002 டிசம்பரில் தில்லி மெட்ரோ ஓடத் தொடங்கியது. பேருந்து நிறுத்தத்தில் முண்டியடித்து ஏறும் அதே தில்லிவாசி, படியிறங்கி மெட்ரோ நிலையத்துக்குள் வந்ததும் வெற்றிலை எச்சில் துப்புவதில்லை. இரண்டு தளங்களுக்கிடையில் அவருடைய பிறப்பும் வளர்ப்பும் மாறிவிடவில்லை. வண்டி நேரத்துக்கு வருகிறது, தரை நாள்தோறும் பலமுறை துடைக்கப்படுகிறது, அதற்கு ஆளும் பணமும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. நீலகிரியில் காட்டு விலங்குகளின் காலைக் கிழித்த மது பாட்டில்கள் தொடர்பாகச் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டபின், 2022இல் அம்மாவட்டத்து அரசு மதுக்கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் தந்தால் திருப்பிக் கொடுக்கும் முறை வந்தது. பாட்டில்கள் பெருமளவில் கடைக்குத் திரும்பின. குடிப்பவரின் ஒழுக்கத்தைத் திருத்தக் காத்திருந்தால் யானைகள் இன்னும் நொண்டிக்கொண்டிருக்கும்.

குணத்தைக் காரணமாகக் கொள்வது எங்கே போய் முடியும் என்பதை அறியவும் பெர்லினே உதவும். நகரின் தென்மேற்கே டாலம் பகுதியில் 1927இல் கைசர் வில்ஹெல்ம் மானுடவியல் கழகம் தொடங்கப்பட்டது; இயக்குநர் ஆய்கென் ஃபிஷர். அங்கே முனைவர் பட்டத்துக்கு வந்து சேர்ந்தார் இராவதி கார்வே. மண்டையோடுகளின் இடவலச் சமமின்மை இனத்துக்கு இனம் மாறுகிறதா, ஐரோப்பியரின் மேன்மைக்கு அதில் சான்று உண்டா என்பது ஃபிஷரின் ஆர்வம். கார்வே அளந்தார். இனங்களுக்கிடையே அப்படியொரு வேறுபாடு கிடைக்கவில்லை என்று எழுதினார். வழிகாட்டி விரும்பிய விடைக்கு எதிராக, அயல்நாட்டில், ஓர் இந்திய மாணவி அளவுகளோடு நின்றார். இந்தியா திரும்பிய பின்னும் உடலளவை முறையை அவர் கைவிடவில்லை என்பது உண்மைதான். என்றாலும் மக்கள் கூட்டங்களின் மேன்மை பிறப்பிலேயே பதிந்திருக்கிறது என்ற கொள்கைக்கு, அக்கொள்கையின் கோட்டைக்குள்ளேயே அவர் இணங்கவில்லை. சில ஆண்டுகளில் அந்தக் கழகம் நாஜி ஆட்சியின் இனக் கொள்கைக்குக் கல்வித் துணையாயிற்று. இன்று அக்கட்டடத்தில் பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் வகுப்புகள் நடக்கின்றன. ‘ஜெர்மானியர் இயல்பிலேயே ஒழுக்கமானவர்கள்’ என்ற வரி இனவாதமன்று, பாராட்டுதான். ஆனால் அதன் இலக்கணம் ஒன்றே: ஒரு மக்கள் கூட்டத்துக்கு நிலையான ஓர் இயல்பைச் சூட்டுவது. அந்த வரிக்கு இணையாக எப்போதும் மற்றொரு வரி பிறக்கும். அதில் வேறொரு கூட்டம் இயல்பிலேயே குறைபட்டதாக இருக்கும்.

இந்தியாவில் அந்த இரண்டாம் வரி எப்படிப் பயன்படுகிறது என்பதைக் காணலாம். நடைபாதை கேட்டால், ‘கடை போட்டு அடைத்துவிடுவார்கள்’ என்பது விடை. பொதுக் கழிப்பறை கேட்டால், ‘நாசம் செய்துவிடுவார்கள்’ என்பது விடை. அரசுப் பள்ளிக்கு நல்ல மேசை நாற்காலி கேட்டாலும் அதே விடை. இந்த ‘வார்கள்’ யாரைக் குறிக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. சொல்பவர் ஒருபோதும் தம்மை அதில் சேர்த்துக்கொள்வதில்லை. அரசு செலவழிக்காமல் இருப்பதற்கான காரணம், செலவழிக்கப்படாதவர்களின் குணமாக மாறிவிடுகிறது. வெளிநாடு சென்று வந்த கல்வியாளர் அதற்குச் சான்றுரைக்கிறார்: ‘அங்கே போய்ப் பார்த்தேன். நம் மக்களுக்கு அது வராது.’ பல்லாயிரம் மைல் கடந்து கொண்டுவந்த அறிவு, தெருமுனைத் தேநீர்க் கடையில் ஏற்கெனவே கிடைத்த தப்பெண்ணத்துக்கு முத்திரை குத்தப் பயன்படுமானால், அந்தப் பயணத்துக்கு ஆன பொதுப் பணம் வீண்.

இதனால் முதல் பார்வையை ஒதுக்கிவிட வேண்டும் என்பதில்லை. அதற்கு ஒரு தனி மதிப்பு உண்டு. பெர்லினில் பிறந்தவருக்குத் தடுப்புக் கதவு இல்லாதது தெரியாது; இல்லாத ஒன்றைக் காண, அது இருக்கும் ஊரிலிருந்து வர வேண்டும். அந்த வியப்பு ஒரு மாதத்தில் தேய்ந்துவிடும். மூன்றாம் மாதத்தில் ஆய்வாளரும் முத்திரை பதிக்காமல் ரயில் ஏறப் பழகியிருப்பார். ஆகவே முதல் வாரத்தில் எழுதுவது நல்லது. எழுதியதைத் தீர்ப்பாக முடிக்காமல் கேள்வியாக நிறுத்துவதுதான் வேண்டியது. இது எந்த ஆண்டிலிருந்து இப்படி இருக்கிறது? எந்தச் சட்டத்தால், யாருடைய பணத்தால் நடக்கிறது? இதற்காக யார் போராடினார்கள், யார் எதிர்த்தார்கள்? இதன் சுமை இன்று யார் மேல் விழுகிறது? நான்கு கேள்விகளுக்கும் விடை தேட நூலகமே போதும். பல நேரங்களில் அண்டை வீட்டு முதியவரோடு ஒரு மாலைப் பேச்சே போதும்.

அப்படி விடை தேடியவரின் குறிப்பில் ‘அவர்கள் ஒழுக்கமானவர்கள்’ என்ற வரிக்கு இடம் இருக்காது. அந்த இடத்தில் 72 விழுக்காடு என்னும் நிபந்தனை இருக்கும், 140ஆம் உறுப்பு இருக்கும், செம்மஞ்சள் உடையணிந்த பணியாளரின் ஊதிய ஒப்பந்தம் இருக்கும், சீட்டு வாங்கப் பணமின்றிச் சிறை சென்றவரும் இருப்பார். அவற்றுள் எதைப் பின்பற்றலாம், எதைப் பின்பற்றக் கூடாது என்று இந்திய நகராட்சி ஒன்றோடு வாதிட முடியும். குணத்தை இறக்குமதி செய்ய முடியாது. ஊதிய ஒப்பந்தத்தையும் வைப்புத்தொகையையும் கேட்டுப் பெறலாம். நீலகிரியில் பாட்டிலுக்கு 10 ரூபாய் பெற்றது போல.